கைகளைப் பின்னால் கட்டி நின்ற உன் அம்மா

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாய்: "அப்பா, ஹரோவிலை கீழ் ரூம் ரெடி. நிலானி கட்டில், யன்னலுக்குக் கேட்டின் எல்லாம் போட்டிட்டாள். மாசக் கடைசியிலை அக்காவைக் கூட்டிக்கொண்டு போறன். நீங்களும் வந்து எங்களோடை இருங்கோ." நான் உன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கதிரையைத் தூக்கினேன். அதை நீ சம்மதம் என்று எடுத்திருப்பாய். அது சம்மதம் இல்லை. வாய் திறந்தால் குரல் உடைந்துவிடும், குரல் உடைந்தால் நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விஷயத்தை முடித்துவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா ஹரோவுக்கு வரமாட்டாள். நானும் வரமாட்டேன். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். நிலானிக்கும் வாசித்துக் காட்டு. அந்தக் கேட்டினைத் தைத்த மருமகளுக்கு நான் விளக்கம் சொல்லியே ஆகவேண்டும்.

இதை நம் பங்குத் தேவாலயத்தின் மாத இதழிலும் போடச் சொல்லியிருக்கிறேன். நாற்பது வருடம் பத்திரிகையில் வேலை செய்தவனுக்கு அந்தச் சின்ன உரிமையை அவர்கள் மறுக்கவில்லை. நான் சொல்ல வருவது உனக்கு மட்டுமல்ல, இந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அத்தனை நல்ல மனிதர்களுக்கும் சேர்த்துத்தான். ஆகவே நீ அறிந்தவற்றையும் திரும்ப எழுதவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள். அக்காவிடம் அனுமதி கேட்டேன். "என்ரை பெயர் போடுங்கோ," என்றாள். "படமும் போடுங்கோ. ரெட் டிரெஸ் படம்." பெயரைப் போடுகிறேன். படத்தைப் பற்றி இதழ்க்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா ஜெசிக்கு முப்பத்து நான்கு வயது. பிறக்கும்போதே டவுன் சின்ட்ரோம் இருந்தது. தெற்கு லண்டனில், மிட்சத்தில் எங்களோடு இருக்கிறாள். கிழமையில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, டிராம் ஏறி விம்பிள்டனுக்குப் போய், அங்கே ஒரு சாரிட்டி கடையில் வேலை செய்கிறாள். வந்து சேரும் உடுப்புகளை அளவு பார்த்துப் பிரித்துத் தொங்கவிடுவது அவளுடைய பொறுப்பு. தனியாகப் போவாள், தனியாக வருவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர் அவள்தான் போடுவாள். சென்ற மாதம் வரையில் நிலைமை இதுதான்.

அடக்கத்தன்று அம்மாவைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் மனதாரப் பேசினார்கள். "மகளைக் கையிலேயே வைத்துத் தாங்கினார்" என்றார் ஒருவர். "தனக்கென்று ஒரு நிமிடம் வாழாதவர்" என்றார் இன்னொருவர். நான் முன்வரிசையில் இருந்துகொண்டு, பழக்க தோஷத்தால், மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். உன் அம்மா தனக்கென்று வாழ்ந்தவர். புதன்கிழமைகளில் நீச்சல் குளத்துக்குப் போவார். அந்த நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் போனை எடுக்கமாட்டார். கடதாசிச் சீட்டு விளையாட்டில் கள்ளம் செய்வார், பிடிபட்டால் சிரிப்பார். வினாகிரி ஊற்றின சிப்ஸை யாருடனும் பங்குபோடமாட்டார். மன்னாரில் பிறந்து, இங்கே வந்து, சட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் விடியற்காலை ஷிப்ட் பதினேழு வருடம் செய்தார். ஜெசியைக் கையில் வைத்துத் தாங்கியது அவள் நடக்கத் தொடங்கும் வரையில்தான். அதற்குப் பிறகு தன் கைகளை என்ன செய்தார் என்பதை நீயே பார்த்திருக்கிறாய். பின்னால் கட்டிக்கொண்டார்.

உனக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஒருநாள் என்னிடம் வந்து, "அம்மா ஏன் போலீஸ் மாதிரி நிக்கிறா?" என்று கேட்டாய். ஜெசி தன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாகனம் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா கதவோரம் நின்றார். வலது கை இடது மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்திருந்தது. நான் குறுக்கே போய் இரண்டு பொத்தானைப் போட்டுவிடப் பார்த்தேன். "இஞ்சருங்கோ, தள்ளி நில்லுங்கோ," என்றார். வாகனம் போய்விட்டது. ஜெசி கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தாள். பிறகு அம்மா அவளை நடத்தியே பள்ளிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து காலணியைக் கழற்றும்போது அவருடைய இடது மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் சிவப்பாக இருந்தது. சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அன்றுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

அது முதியோர் இல்லத்தில் கற்றுக்கொண்ட பாடம் என்று பின்னர் சொன்னார். "நல்லாக் கதைச்சுக்கொண்டு, தானே சாப்பிட்டுக்கொண்டு வாற ஆக்களுக்கு, நேரம் மிச்சம் எண்டு நாங்கள் வாயிலை தீத்தத் தொடங்குவம். கொஞ்ச நாளிலை கரண்டியைப் பிடிக்கவே மறந்து போயிடுவினம். பிறகு அதை நாங்கள் வருத்தம், நோய் எண்டு எழுதுவம்." அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தானும் அப்படித் தீத்தியிருக்கிறார். ஆனால் வீட்டில் அதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தார். எடுத்த முடிவை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒருநாளும் தளர்த்தவில்லை.

கேத்தல் கதையை நீ மறந்திருக்கமாட்டாய். ஜெசிக்குப் பத்தொன்பது வயது. தேநீர் போடப் பழகும்போது கேத்தலில் கொதித்த வெந்நீர் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மனிதர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கேத்தலைத் தூக்கி அலுமாரியின் உச்சியில் வைத்தேன். அம்மா ஜெசியின் கைக்குக் குளிர்ந்த நீர் விட்டு, மருந்து போட்டு, அவளைப் படுக்கவைத்துவிட்டு வந்து, தன் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "இது அவண் சுட்ட தழும்பு. இது எண்ணெய். இது உங்கடை பிறந்தநாளுக்கு ரோல்ஸ் பொரிக்கேக்கை வந்தது. இவ்வளவுக்கும் நீங்கள் ஒருநாளும் கேத்தலை ஒளிச்சு வைக்கேல்லையே?" மறுநாள் காலையில் கேத்தல் கீழே இருந்தது. தண்ணீர் தெரியும் கண்ணாடிப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. அதுவரை நிரப்பினால் ஒரு கோப்பைக்குப் போதும், கையில் தூக்கவும் பாரம் இல்லை. கேத்தல்கள் மாறின, கோடு மாறவில்லை.

டிராம் அதைவிடப் பெரிய வேலை. விம்பிள்டன் கடையை அம்மா தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான் கடைசித் தரிப்பு. "எல்லாரும் இறங்குவினம். அவளும் இறங்குவாள்." முதலில் பக்கத்து இருக்கையில் இருந்தார். பிறகு பின் இருக்கை. பிறகு பெட்டியின் மறுமுனை. அந்தக் கட்டத்தில் ஜெசிக்குத் தெரியக்கூடாது என்று தலையைச் சுற்றி ஒரு மப்ளரைக் கட்டிக்கொண்டு, யாரோ விட்டுப்போன பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். ஜெசி எழுந்து நின்று, முழு டிராமுக்கும் கேட்கும்படி, "அம்மா! ஒளிச்சிருக்கிறியள்! ஐ கான் சீ யூ!" என்றாள். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேர்ட்டன் பார்க்கில் கதவு திறந்ததும் விரலை நீட்டி, "இறங்குங்கோ," என்றாள். உன் அம்மா இறங்கினார். மழை. குடை வீட்டில். அடுத்த டிராம் வரும்வரையில் நனைந்துகொண்டு நின்று, அதில் ஏறி விம்பிள்டனுக்குப் போய், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து கடைக்குள்ளே பார்த்தார். ஜெசி கோட்டைக் கழற்றிவிட்டு உடுப்புகளுக்கு முன்னால் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "என்னை வேலையிலையிருந்து நிப்பாட்டிப் போட்டாள்," என்று சொல்லிச் சிரித்தார். அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை, உன் கல்யாண நாளைச் சேர்த்தும்.

இனி இந்த மாதத்துக்கு வருகிறேன். செத்தவீட்டில் சமைக்க விடக்கூடாது என்று நம் சனம் வந்தது. டூட்டிங்கிலிருந்து இடியப்பப் பார்சல், ஒருவர் வீட்டுச் சொதி, இன்னொருவர் வீட்டுப் பருப்பு. மாதர் சங்கத்து ரீற்றா அன்ரி ஷிப்ட் போட்டு ஆட்களைப் பிரித்து அனுப்பினார். அவர்கள் இல்லாவிட்டால் நான் விழுந்திருப்பேன். அதை இங்கே எழுத்தில் வைத்து நன்றி சொல்கிறேன். ஆனால் நடந்ததையும் எழுதவேண்டும். முதல் நாளே ஜெசி குசினிக்குள் போய்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, அம்மா செத்துப் போயிட்டா. டீ வேணுமே?"

"ஐயோ என்ரை பிள்ளை, நீ இரம்மா. சுட்டுப் போடும்."

"ஐ டூ இட்."

"ஓமோம், நாளைக்குச் செய். இண்டைக்கு அன்ரி தாறன்."

நாளைக்கும் அதே பதில். ஒருவர் அவளுடைய உடுப்பை எடுத்துவைத்தார். ஒருவர் தலை வாரி இழுத்துவிட்டார். ஒருவர் இடியப்பத்தைக் குழைத்து வாயில் வைத்தார். நான் அவளைப் போகவேண்டிய இடமெல்லாம் காரில் ஏற்றி இறக்கினேன். கடைக்காரரும் நல்ல மனதோடு, வேண்டிய அளவு லீவு எடுக்கச் சொல்லிவிட்டார். அடக்கத்தன்று கோயில் வாசலில் நீ முழங்காலிட்டு அவளுடைய சப்பாத்து நாடாவைக் கட்டினாய். பார்த்தவர்கள் அழுதார்கள். யாரோ படமும் எடுத்தார்கள், அழகான படம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மகன், உன் அக்கா பன்னிரண்டு வயதிலிருந்து தன் நாடாவைத் தானே கட்டுகிறவள். நேரம் எடுக்கும். அன்று சவப்பெட்டி காத்திருந்தது என்று நாம் எல்லோரும் அவசரப்பட்டோம். அது காத்திருந்திருக்கலாம். அதற்குள்ளே இருந்தவர் காத்திருக்கத் தெரிந்தவர்.

இத்தனைக்கும் நடுவில் அவள் தலைக்கு மேலால் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "பாவம், அதுக்கு ஒண்டும் ஏலாது. தாயில்லாமல் என்ன செய்யப் போகுது?" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவள் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது கிழமை நான் கேட்டேன்: "பிள்ளை, நாளைக்குச் செவ்வாய். கடைக்குப் போவமே?"

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"நான் பாவம், அப்பா."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். தட்டு என் கையில் இருந்தது. நானும் தீத்தினேன். நான் அன்று செய்தது அதுதான்.

ஆஸ்பத்திரியில் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசிக் கிழமை. பேசக் களைப்பு. "இஞ்சருங்கோ, நான் இல்லாட்டி நீங்கள் அவளை ராணி மாதிரி வச்சிருப்பியள். எனக்கு அதுதான் பயம்." நான் அப்போது அவரைச் சமாதானப்படுத்த ஏதோ சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை குறைவாகத்தான் இருந்தது. அவருடைய கணிப்பு சரி. ஒரே மாதத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அன்பாலேயே, அவர் கால் நூற்றாண்டாகக் கட்டியதை அவிழ்க்கத் தொடங்கிவிட்டோம். இன்னும் கொஞ்சம் விட்டால் அது அவிழ்ந்தே போகும். உன் கீழறை அழகானது, சூடானது, எல்லாம் கைக்கெட்டும் இடத்தில். அங்கிருந்து அவளுடைய டிராம் ஓடாது. கடை இல்லை. நீயும் நிலானியும் வேலைக்குப் போகும் வீட்டில் அவள் டீவிக்கு முன்னால் இருப்பாள். நீங்கள் பின்னேரம் வந்து எல்லாவற்றையும் செய்துகொடுப்பீர்கள். அன்பில் ஒரு குறையும் இருக்காது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

திங்கட்கிழமை காலை கேத்தலைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. உதவிக்கு வந்த யாரோ ஒருவர் எலுமிச்சம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். கோட்டையும் அழுக்கென்று நினைத்து வழித்தெடுத்துவிட்டார். ஜெசி பின்னால் வந்து நின்று, எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் அப்படி நின்றாளோ, நான் கவனிக்கவில்லை. அம்மாவின் மேசை லாச்சியைத் திறந்து நகப்பூச்சை எடுத்தேன். பாதி காய்ந்திருந்தது. ஒரு கோப்பைத் தண்ணீர் அளந்து ஊற்றி, கோடு போட்டேன். என் கை இப்போது முன்போல நிற்பதில்லை.

"அப்பா, கோடு கோணல்."

"தெரியும்."

"அம்மா நேரா போடுவா."

"தெரியும் பிள்ளை. நீ தேத்தண்ணி போடு."

போட்டாள். நான் குசினி வாசலில் நின்று என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கேத்தல் அவள் கையில் ஒருமுறை ஆடியது. என் நகம் என் தோலுக்குள் போனது. கோப்பை நிரம்பியது. மூன்று கரண்டி சீனி போட்டுவிட்டாள். எனக்கு நீரிழிவு இருப்பது அவளுக்குத் தெரியும், டொக்டரிடம் சொல்லமாட்டேன் என்று நம்புகிறாள் போலும். பாதிதான் குடித்தேன். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, நாளைக்குக் கடை என்றேன். "பார்ப்பம்," என்றாள். அது அம்மாவின் சொல். அம்மா அப்படிச் சொன்னால் பெரும்பாலும் சம்மதம்தான்.

உன் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எழுபத்தொன்று, அப்பாவுக்குப் பிறகு? நியாயமான கேள்வி. அம்மா அதற்கும் வேலை தொடங்கியிருந்தார். போன இலையுதிர் காலத்தில் ஜெசியைக் கூட்டிக்கொண்டு, டிராம் தரிப்புக்குக் கிட்ட இருக்கும் ஒரு சின்னக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிக் கதவு, கீழே உதவிக்கு ஒரு ஆள். ஜெசிக்கு அந்த வீட்டு மணி பிடித்திருந்தது, திரும்பத் திரும்ப அடித்தாளாம். அவளுடைய பெயர் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறது. அம்மா நோயில் படுத்த பிறகு அதை யாரும் தொடரவில்லை. இந்தக் கிழமை நான் தொடங்கிவிட்டேன். அதிகாரிகளைத் துரத்திப் பதில் வாங்குவது நாற்பது வருடமாக என் தொழில். கவுன்சிலில் போன் எடுக்கும் பெண்மணி என் குரலை இப்போதே அடையாளம் கண்டுகொள்கிறார். இடம் கிடைக்கும் வரையில் கேட்டுக்கொண்டேயிருப்பேன். நான் கண்ணை மூடுமுன் அவள் அங்கே குடிபுகவேண்டும், நான் விருந்தாளியாகப் போய் மணி அடிக்கவேண்டும். இதை நடத்தி முடிப்பேன். உன்னிடம் நான் கேட்பது, எனக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போய் அந்த மணியை அடிப்பதுதான். அவளோடு சண்டை பிடி, கடதாசி விளையாடு, அம்மாவைப் போலக் கள்ளம் செய். அவளுக்கு நீ தம்பியாக இருப்பதுதான் தேவை.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதி முடிக்கிறேன். தரிப்பில் நின்றோம். அவள் தன் நாடாவைத் தானே கட்டியிருந்தாள், ஒரு பக்கம் தளர்வாக. முதல் டிராம் வந்தது, ஏறவில்லை. இரண்டாவது வந்தது, என் முகத்தைப் பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் போனது. குளிர். ஒரு பெண் வந்து அவளுக்கு உதவி வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். அவளிடமே கேட்கச் சொன்னேன். கேட்டார். "நோ தாங்க் யூ. ஐ ஆம் கோயிங் டு வேர்க்," என்றாள் ஜெசி. சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. மூன்றாவதில் ஏறினாள். நான் பெட்டியின் மறுமுனைக்குப் போய் இருந்தேன். மப்ளர் கட்டவில்லை, ஒளிக்கவும் இல்லை. ஆனாலும் மேர்ட்டன் பார்க்கில் கதவு திறந்தபோது அவள் எழுந்து நின்று என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் விரலை நீட்டினாள்.

"அப்பா, இறங்குங்கோ."

இறங்கினேன். கதவு மூடியது. டிராம் போகும்போது அவளுடைய பின்தலை மட்டும் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. உன் அம்மா நின்ற இடத்தில் அடுத்த டிராம் வரும்வரையில் நின்றேன். மழை இல்லை. கண்ணைத் துடைத்ததற்கு அதைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை அவளுக்கு வேலை. நீயும் நிலானியும் காலையில் விம்பிள்டன் நிலையத்துக்கு வாருங்கள், டிராம் வந்து நிற்கும் பக்கம். எல்லாரும் இறங்குவார்கள், அவளும் இறங்குவாள். நாடா அவிழ்ந்திருக்கலாம். பையைத் தோளில் தலைகீழாகப் போட்டிருக்கலாம். உன்னைக் கண்டதும் ஓடிவருவாள், கட்டிப்பிடி. பிறகு விட்டுவிடு, வேலைக்கு நேரமாகும். உன் கைகளை என்ன செய்வதென்று தெரியாவிட்டால் பின்னால் கட்டிக்கொண்டு நில். முதல் சில நாள் மணிக்கட்டு நோகும்.

அன்புடன்,
அப்பா